இரண்டு சம்மந்திகளும் ஒரு முக்காடும்

என் தலையில் கல்யாண வலைத்துணியான நெட்டை வைத்து அத்தை ஊக்குக் குத்திக்கொண்டிருந்தார். அம்மா கதவோரமாக நின்று சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலண்டரில் பார்க்க ஒன்றுமில்லை. என்னைப் பார்க்காமல் இருக்க அவளுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

என் கல்யாணக் காலை அது. அத்தை என்றால் என் மாமியார் ஆரோக்கியமேரி. அன்று பகலில்தான் அவர் முறைப்படி மாமியார் ஆகப் போகிறார். ஆனால் அதற்கு ரொம்ப முன்னாலேயே நான் அத்தை என்று கூப்பிடப் பழகிவிட்டேன். நாங்கள் இருந்தது திண்டுக்கல்லில், மாப்பிள்ளை வீட்டுக்குப் பக்கத்து வீட்டில். பெண்வீடு என்று சொல்லிக்கொள்ள எங்கள் பக்கம் ஆள் இல்லை. "ஏன் இல்ல? எங்க வீட்டுலருந்து பொண்ணு கெளம்பட்டும், நான்தான் பொண்ணு வீடு" என்று தன் வீட்டைத் திறந்துவிட்டவர் பக்கத்து வீட்டுச் சவரியம்மா அக்கா.

வெளியே மழை வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிற வெளிச்சம். அறை முழுக்க மல்லிகை, பவுடர், இஸ்திரி போட்ட பட்டின் வாசம். "அசையாத தாயி, நெட்டு வழுக்குது" என்று அத்தை வாயில் ஊக்கைக் கடித்துக்கொண்டே சொன்னார். முகத்துக்கு முன்னால் அந்த வெள்ளை வலை இறங்கியதும் பீரோ, கண்ணாடி, சவரியம்மா அக்கா எல்லாமே கொஞ்சம் தள்ளிப் போனமாதிரி இருந்தது. மார்கழி மாதக் காலையில் கன்னிவாடிப் பக்கம் பஸ்ஸில் போனால் மலையடிவாரம் இப்படித்தான் தெரியும். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. அதை அம்மாவிடம் எப்படிச் சொல்ல முடியும்?

"சம்மந்தி, இங்கிட்டுத் திரும்பிப் பாருங்க. உங்க பொண்ணு மாதா கணக்கா இருக்கா."

அம்மா திரும்பவில்லை. "நல்லாருக்குதுங்க" என்றாள், காலண்டரிடம்.

தலையில் வந்த சிக்கல்

போன வாரம் இந்தத் தொடரில் எங்கள் பஸ் காதலை எழுதியதிலிருந்து வீட்டில் எனக்கு நிம்மதி இல்லை. "என்னைய ஏன் இம்புட்டு அசடா எழுதிருக்க?" என்று என் கணவர் ஸ்டீபன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். அசடாக இருந்தவரை வேறு எப்படி எழுதுவதாம்!

அதைப் படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமம். தக்காளியும் முருங்கையும் போடுகிற வீடு. அவர் திண்டுக்கல் கத்தோலிக்கக் குடும்பம். இரண்டு பேரும் ஒன்றாக ஆசிரியர் பயிற்சி படித்தோம், ஒரே பஸ்ஸில் போய் வந்தோம். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கல்யாணம் என்ற பேச்சு எழுந்ததும் என் மாமன்மார் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒறம்பரைச் சனம், அதாவது சொந்தபந்தம், ஒருவர்கூட வரமாட்டோம் என்றுவிட்டார்கள். அப்பா எப்போதோ போய்விட்டார். அம்மா மட்டும் அசையவில்லை. "என்ற புள்ள கழுத்துல தாலி ஏறுறத நான் கண்ணுல பாக்கோணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாஞ் சாமி" என்றாள். அந்த ஒன்றுக்காகக் கூடப்பிறந்தவர்களையே விட்டுவிட்டு வந்தாள்.

மதம் மாறவெல்லாம் வேண்டியதில்லை, அனுமதி வாங்கிக் கோயிலிலேயே தாலி கட்டலாம் என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். (சர்ச் என்பதை இங்கே கத்தோலிக்கர்கள் கோயில் என்றும், பாதிரியாரைச் சாமியார் என்றும்தான் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.) ஆக, சிக்கல் சாமியில் வரவில்லை. தலையில் வந்தது.

"கல்யாணத்தன்னைக்கு என்ற புள்ளைக்கு முக்காடுங்களா?" என்று கேட்டுவிட்டு அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் பக்கம் நல்ல காரியத்துக்குப் போகிற பெண்ணின் தலையில் பூதான் ஏறும், துணி ஏறாது. சடங்கென்று துணி ஏறுகிற நாள் ஒன்றே ஒன்றுதான். புருஷன் செத்த வீட்டில், பிறந்த வீட்டுக்காரர்கள் புதுச் சேலை கொண்டுவந்து அந்தப் பெண்ணின் தலைமேல் போடுவார்கள். அதற்குக் கோடி போடுவது என்று பெயர்.

பேச்சுவார்த்தை நடந்தது. அத்தை ஒரு படி இறங்கி, வெள்ளைச் சேலை வேண்டாம், அரக்குப் பட்டே கட்டட்டும் என்றார். "ஆனா நெட்டு இல்லாமக் கோயிலுக்குள்ள எப்புடிங்க சம்மந்தி? எங்க வீட்டுப் பொம்பளைக யாராச்சும் வெறுந்தலையோட பீடத்துக்கிட்ட நின்னிருக்கமா?" அம்மாவும் ஒரு படி இறங்கினாள். "சரிங்க. தாலி ஏறுன ஒடனே கழட்டிப்போடுங்க."

இத்தனை பேச்சும் என் தலையைப் பற்றித்தான். அம்மாவின் தலையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

துணிக்குள் முகம்

அப்பா மார்வலியில் போனபோது நான் பாவாடை சட்டை போட்ட பிள்ளை. பறித்து வைத்த தக்காளிக் கூடைகள் வாசலிலேயே கிடந்தன. மண்டிக்குப் போகிற வண்டி வழக்கம்போல வந்து ஹாரன் அடித்தது. யாரோ ஓடிப்போய்ச் சொன்னதும் சத்தமில்லாமல் திரும்பிப் போனது.

பெரிய மாமன் புதுச் சேலையைப் பிரித்து அம்மாவின் தலைமேல் போட்டார். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஓங்கி அழுதார்கள். கஞ்சிப்பசை வாசம் அடித்த அந்த முரட்டுத் துணிக்குள் அம்மாவின் முகத்தைக் காணோம். ஓரத்தைத் தூக்கிப் பார்க்கப் போன என் கையை யாரோ தட்டிவிட்டார்கள்.

அந்தத் துணி இன்றைக்கும் என் கனவில் வரும். தூக்கத் தூக்க மடிப்பு வந்துகொண்டே இருக்கும். முகம் வராது. விழித்துக்கொண்டு, பக்கத்தில் குறட்டை விடுகிறவரின் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்தச் சேலையை அம்மா யாருக்கோ கொடுத்துவிட்டாள். எங்கள் ஊர் வழக்கப்படி வெள்ளை கட்டவும் மறுத்துவிட்டாள். பழைய கலர்ச் சேலைகளையே கட்டினாள். ஊர் பேசியது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பேசட்டும் என்று விட்டுவிட்டுத் தக்காளிக் காட்டுக்குப் போனாள்.

அதன்பிறகு அவள் தலையில் துணி என்று எதுவும் ஏறியதில்லை. மண்டையைப் பிளக்கிற வெயிலில் மற்ற பெண்கள் துண்டைக் கட்டிக்கொண்டு களை எடுப்பார்கள், இவள் வெறுந்தலையோடு எடுப்பாள். மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வோமே, கொங்காடை, அதைக்கூட என்மேல் போட்டுவிட்டு நனைந்துகொண்டே வருவாள். "சளி புடிச்சுக்கும்மா" என்றால், "புடிச்சா உடும்" என்பாள். அதோடு பேச்சு முடிந்தது.

சவரியம்மா அக்காவின் கை

திண்டுக்கல்லுக்குப் படிக்க வந்த புதிதில் எனக்கு இந்த ஊர்ப் பெண்களின் தலைகள் பெரிய வேடிக்கை. பஸ் கோயிலைத் தாண்டும்போது பாருங்கள். அதுவரை வெங்காய விலையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா சட்டென்று முந்தானையைத் தலைக்கு இழுத்து, நெற்றியில் சிலுவை போட்டு, கோயில் போனதும் இறக்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்வார். கடைவீதியில் பூ முழம் போட்டுக்கொண்டிருக்கும்போது கோயிலில் மதிய மணி அடித்தால் போதும், ஒரு கையில் பூவும் ஒரு கையில் முந்தானையுமாக நின்று முணுமுணுப்பார்கள். சுடிதார் போட்ட பிள்ளைக்கு ஷால். ஷாலை மறந்த பிள்ளைக்குக் கைக்குட்டை. கைக்குட்டையும் இல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கிற அம்மாவின் முந்தானைக்குள்ளேயே நுழைந்துகொள்ளும்.

அவர்களுக்கு அதில் சோகமும் இல்லை, வெட்கமும் இல்லை. சாமிக்கு முன்னால் செருப்பைக் கழற்றுகிறமாதிரி ஒரு வழக்கம்.

பட்டுச் சேலைதான் பிரச்சினை. வழுக்கிக்கொண்டே இருக்கும். அதற்குத்தான் சவரியம்மா அக்கா இருந்தார். பூசையில் முன்வரிசைப் பெண் யாருக்காவது முக்காடு நழுவினால், பின்னாலிருந்து அவருடைய கை வந்து மெல்ல எடுத்து ஏற்றிவிடும். அவர் செபத்தை நிறுத்தமாட்டார், கண்ணைக்கூடத் திறக்கமாட்டார். கை மட்டும் போய்விட்டு வரும். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். யார் கை என்று எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகளுக்கு மூக்கைத் துடைத்துவிடுகிறமாதிரி, அது ஒரு பிரியம்.

இப்போது கல்யாணத்துக்குப் போகலாம்.

பீடத்துக்கு முன்னால்

கோயில் நிறைந்திருந்தது. எல்லாம் மாப்பிள்ளை வீட்டு ஆட்கள். அத்தனை பெண்களும் முக்காடு. அம்மா வாசலில் ஒரு நிமிடம் தயங்கி நின்றதைப் பார்த்தேன். அவள் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஊரே கூடி எழவு வீட்டில் உட்கார்ந்திருக்கிறமாதிரி. ஆனாலும் வந்தாள். என் பக்கத்து முதல் பெஞ்சியில் தனியாக உட்கார்ந்தாள். பெண்வீட்டு வரிசை காலியாகத் தெரியக்கூடாது என்று சவரியம்மா அக்காவும் இரண்டு மூன்று பெண்களும் அவளுக்குப் பின்பெஞ்சியில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

நெட்டுக்குள்ளிருந்து பார்க்க எல்லாமே ஒரு மயக்கமாக இருந்தது. மெழுகுவர்த்திச் சுடர்கள் பெரிதாகி ஒன்றுக்குள் ஒன்று கலந்தன. சாம்பிராணிப் புகை என்னைச் சுற்றி நின்றது. பாட்டுக்காரர்களின் குரல் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது. பக்கத்தில் ஸ்டீபனின் கோட்டுக் கை என் கையில் உரசுவது மட்டும்தான் நிஜமாகத் தெரிந்தது. நான் அடிக்கடி ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்த்துக்கொண்டேன். பச்சைச் சேலை. கலங்கலாக, ஆனால் அங்கேயே இருந்தாள்.

சாமியார் தாலித் தட்டை எடுத்து வரச் சொன்னார். எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

அப்போதுதான் அது நடந்தது. அம்மாவின் தோளில் கிடந்த முந்தானையைப் பின்னாலிருந்து ஒரு கை எடுத்தது. மெதுவாக, பிரியமாக, அவள் தலைமேல் ஏற்றிவிட்டது.

சவரியம்மா அக்காவின் கண்கள் மூடித்தான் இருந்தன.

அம்மா ஒரு கணம் மரமாக நின்றாள். பிறகு முந்தானையைத் தலையிலிருந்து பிடுங்கி இழுத்துவிட்டு, பெஞ்சியை விட்டு வெளியே வந்து, நடுவழியாக விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடந்தாள். எதைப் பார்ப்பதற்காக அவள் எல்லாரையும் விட்டுவிட்டு வந்தாளோ, அது அவள் இல்லாமலே நடக்கப் போகிறது. என் பக்கம் இருந்த ஒரே ஆள் வெளியே போகிறாள். நான் திரும்பினேன். நெட்டின் வால் காலில் சிக்கியது. "அம்மா!" என்று நான் கூப்பிட்டது பாட்டுச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

"என்னாச்சு?" என்றார் ஸ்டீபன். பாவம், தாலித் தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றவர்.

"எங்கம்மா போறாங்க. எங்கம்மா வராம எனக்குத் தாலி கட்டாதீங்க."

அதைச் சொன்னது நான்தானா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். சாமியார் காதில் விழுந்துவிட்டது. மாப்பிள்ளை பக்கத்து முதல் பெஞ்சியிலிருந்து அத்தை எழுந்து போவதும் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். தட்டைப் பீடத்தில் வைத்துவிட்டு, பாட்டுக்காரர்களைப் பார்த்து இன்னொன்று பாடுங்கள் என்று கையைக் காட்டினார். பாடினார்கள். அது முடிந்தது. இன்னொன்று என்று மறுபடியும் காட்டினார்.

சவரியம்மா அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "நான் என்னத்தச் செஞ்சேன்? நழுவிருச்சுன்னு நெனச்சேன்" என்று பக்கத்துப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் தண்ணீர்.

வெளியே என்ன நடந்தது?

இதற்கு எங்கள் வீட்டில் இரண்டு பதில்கள் உண்டு.

அம்மாவைக் கேட்டால்: "தண்ணிக் கொழாய்க்கிட்ட உக்காந்திருந்தேன். அந்தம்மா வந்தாங்க. பக்கத்துல உக்காந்தாங்க. போலாமுங்களான்னாங்க. வந்தேன்."

அத்தையைக் கேட்டால் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். "அம்புட்டு லேசாவா வந்தாக உங்கம்மா? எங்கிட்டு மூஞ்சிய வச்சிருக்காகன்னே தெரியல. 'என்ன சம்மந்தி, யாரு என்ன சொன்னா'ங்கிறேன். வாயத் தொறக்கல. பெறகுதான் சொன்னாக. 'எம்புருசன் செத்தன்னைக்கு என்ற தலையில போட்டதுங்க அது. இன்னைக்கு என்ற புள்ளைக்குக் கல்யாணமுங்க'ன்னு. எனக்குத் தூக்கி வாரிப்போட்டிருச்சு தாயி. எனக்கு வெவரம் தெரியாத வயசுல ஏறுன முக்காடு இது. ஞானஸ்நானத்துக்கும் இதான், கல்யாணத்துக்கும் இதான், சாவுக்கும் இதான். ஒரு பொம்பளைக்கு இது இப்புடிச் சுடும்னு யாரு கண்டா?"

"அப்புறம் என்ன செஞ்சீங்க அத்தை?"

"என்னத்தச் செய்ய? எடுத்துட்டேன். 'இந்தாங்க, நானும் எடுத்துட்டேன். ரெண்டு பேரும் இப்புடியே போவோம், எந்திரிங்க'ன்னேன்."

இரண்டு பேரும் உள்ளே வந்ததை நான் நெட்டுக்குள்ளிருந்து பார்த்தேன். புகைக்குள் இரண்டு உருவங்கள். ஒன்று அம்மா. இன்னொன்று யாரென்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. நரைத்த கொண்டை, கொண்டையில் கனகாம்பரம். அத்தையின் தலைமுடியை அந்தக் கோயிலுக்குள் யாருமே பார்த்ததில்லை. பெண்கள் பக்கம் குசுகுசுப்பு ஓடியது. "ஆரோக்கியமேரியா அது? வெறுந்தலையோடயா?" அத்தை யாரையும் பார்க்கவில்லை. அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிவந்து, என் பக்கத்து முதல் பெஞ்சியில் அவளோடேயே நின்றார். மகன் பக்கம் போகவில்லை.

சாமியார் இரண்டு பேரையும் பார்த்தார். தட்டைக் கையில் எடுத்தார்.

தாலி ஏறியது. அத்தையே வந்து என் நெட்டைக் கழற்றினார், சொன்ன சொல் தவறாமல். வெள்ளை விலகியதும் உலகம் படாரென்று பக்கத்தில் வந்துவிட்டது. அம்மா என்னைப் பார்த்தாள். காலையிலிருந்து அப்போதுதான் பார்த்தாள். நான் விக்கி விக்கி அழுதேன், போட்டோவில் மூக்கு சிவந்திருக்கும்.

அதன் பிறகு

அத்தை பிறகு ஒருநாளும் வெறுந்தலையோடு கோயிலுக்குப் போனதில்லை. அன்றைக்குச் செய்ததற்கு வெளியாரிடம் விளக்கமும் சொன்னதில்லை. யாராவது கேட்டால், "சம்மந்திக்குத் தொணைக்கு நின்னேன், அதுல என்ன?" என்பார்.

அம்மா மாதத்துக்கு ஒருமுறையாவது முருங்கைக்காய்க் கட்டோடு பஸ் ஏறி வந்துவிடுவாள். வந்தது என்னைப் பார்க்க என்று பெயர். பேச்செல்லாம் சம்மந்தியோடுதான். சாயங்காலச் செபத்துக்கு அத்தை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தால், அம்மா பக்கத்திலேயே வெறுந்தலையோடு உட்கார்ந்து பூண்டு உரிப்பாள். செபத்துக்கு நடுவிலேயே அத்தையின் கை வந்து உரிக்க இரண்டு பூண்டை எடுத்துக்கொள்ளும். இவர் கேட்டதில்லை, அவள் கொடுத்ததுமில்லை.

நானும் காலப்போக்கில் முக்காடு போட ஆரம்பித்தேன். யாரும் சொல்லவில்லை. கோயிலுக்குள் முந்தானை தலையில் ஏறியதும் சத்தமெல்லாம் கொஞ்சம் அடங்கி, எனக்கென்று ஒரு சின்ன அறை கிடைத்தமாதிரி இருக்கும். அம்மா முன்னால் மட்டும் போடமாட்டேன். அவளுக்குத் தெரியும். தெரிந்தமாதிரிக் காட்டிக்கொள்ளமாட்டாள்.

போன மழைக்காலத்தில் அத்தை போய்விட்டார். காலையில் காபி கேட்டார். கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

அம்மா அடுத்த பஸ்ஸிலேயே வந்தாள். முருங்கைக்காய் இல்லாமல் வந்தது அன்றைக்குத்தான். வாசலில் வைத்தே நான் சவரியம்மா அக்காவிடம் சொல்லிவிட்டேன். "அக்கா, கோயில்ல எங்கம்மாவத் தொட்டுறாதீங்க." அவருக்கும் வயதாகிவிட்டது, கம்பூன்றித்தான் நடக்கிறார். "ஏத்தா, அன்னைக்குப் பட்டது எனக்குப் போதாதா?" என்று கம்பைக் கக்கத்தில் இடுக்கி, இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார்.

கோயிலில் அம்மாவை முதல் பெஞ்சியில் என் பக்கத்தில் உட்காரவைத்தேன். வெளியே மழை சன்னமாகத் தூறிக்கொண்டிருந்தது. ஈரச் சேலைகளின் வாசமும் சாம்பிராணியும் கலந்து, எல்லாரும் பாதித் தூக்கத்தில் நடமாடுகிறமாதிரி இருந்தது. பெட்டியைத் தூக்கிவந்து பீடத்துக்கு முன்னால் வைத்தார்கள். மூடி திறந்திருந்தது. அத்தையின் தலையைச் சுற்றி வெள்ளை நெட் போட்டிருந்தார்கள், மணப்பெண்ணுக்குப் போடுகிறமாதிரியே.

அம்மா எழுந்தாள். வெளியே போகப் போகிறாள் என்று நினைத்து நானும் எழுந்தேன். அவள் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, அத்தையின் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். பிறகு தன் முந்தானை நுனியைப் பிடித்து எடுத்து, தலைக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டாள்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "அம்மா, வேண்டாம்மா. இங்க யாரும் உன்னைய ஒண்ணும் சொல்லமாட்டாங்க. எடுத்துரு."

"சும்மா இரு கண்ணு" என்றாள். முக்காட்டுக்குள் அவள் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. "உங்கொப்பன் போனப்ப மத்தவங்க போட்டு உட்டாங்க. இது என்ற சம்மந்திக்கு. நானாப் போட்டுக்கறேன்."